237ஆ, 238ஆ? கல்முனை லைனில் இரண்டு இரவுகள்

கார்த்திகை மாத இடியொன்றில் கல்முனைப் பக்கத்துக் காட் போனது. காட் என்றால் ட்ரான்ஸ்பொண்டர் காட். ஒரு பக்கம் வாடிக்கையாளரின் ரவுட்டரிலிருந்து 10 கிகாபிட் ஈதர்நெட்டை வாங்கும். அதை ஓ.ரி.என். (ஃபைபரில் தரவைக் கொண்டுபோகும் முறை) பிரேமுக்குள், அதாவது ஒரே அளவான பொதிக்குள் வைத்து மறுபக்கம் மட்டக்களப்பு வரை நாற்பது கிலோமீற்றர் அளவான ஃபைபரில் அனுப்பும். பவர் சப்ளை தப்பிவிட்டது, காட் தப்பவில்லை. கொழும்பிலிருந்து ஸ்பெயார் காட் இரவு பஸ்ஸில் ஏறி விடியக் காலையில் வந்து இறங்கியது. கழற்றி மாட்டப் பத்து நிமிடம் போனது. லைன் ஒழுங்காக எழும்ப அடுத்த நாள் நடுச்சாமம் தாண்டிவிட்டது.

மட்டக்களப்பு முனையில் நான். கல்முனை முனையில் நானா. என்னைவிடப் பத்து வருடம் மூத்தவர், ஓ.ரி.என்.னுக்கு முந்திய முறையான எஸ்.டி.எச். காலத்திலிருந்தே இந்தத் தொழிலில் இருப்பவர். காட்டை மாட்டியதும் அழைத்தார்.

“தம்பி, லைட் வருது. மைனஸ் பத்துப் புள்ளி நாலு. ஆனா எல்.ஓ.எஃப். போகுதில்ல.”

“இங்கயும் அப்படித்தான் நானா. ஓவர்கிளொக் போட்டிரிக்கா?”

“போட்டிரிக்கு. நீங்க?”

“ஓம், இங்கயும் போட்டிரிக்கு.”

ஓவர்கிளொக் என்பது பிரேமை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டுகிற மோட். கோளாறு முழுவதும் இந்த நாலு வரிக்குள்தான் இருந்தது. அது தெரிய எங்களுக்கு ஒன்றரை நாள் எடுத்தது.

எல்.ஓ.எஃப். (லொஸ் ஒஃப் பிரேம்) என்பது வெளிச்சம் இல்லை என்கிற அலாம் அல்ல. வெளிச்சம் வருகிறது, ஆனால் பிரேமின் தலை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை என்பதுதான் அதன் பொருள். ஓ.ரி.என். பிரேம் ஒவ்வொன்றும் ஒரே ஆறு பைட்டுடன் தொடங்கும்: எஃப்6 எஃப்6 எஃப்6 28 28 28. வாங்கும் பக்கம் வருகிற பிட் மழைக்குள் இந்த ஆறையும் தேடிக்கொண்டே இருக்கும். திரும்பத் திரும்ப அதே இடத்தில் கிடைத்தால் பிடித்துக்கொள்ளும், கிடைக்காவிட்டால் அலாம்.

இப்படி ஒரு அலாமைக் கண்டதும் எல்லாரும் செய்கிற வேலையையே நாங்களும் செய்தோம். கொனெக்டரைத் துடைத்தோம். பட்ச் கோட் மாற்றினோம். மழைக்குள் ஓ.டி.டி.ஆர். (ஃபைபரில் எங்கே பழுது என்று காட்டும் கருவி) தூக்கிக்கொண்டு போய் இரண்டு பக்கமும் அடித்துப் பார்த்தோம். களுவாஞ்சிக்குடிப் பக்கம் பழைய ஸ்பிளைஸ் ஒன்று சற்றுத் தடித்துத் தெரிந்தது. அது இரண்டு வருடமாக அப்படித்தான் இருக்கிறது. ஒப்டிக்கல் மொடியூலையும் மாற்றினோம். ஒன்றும் அசையவில்லை.

பிறகு லூப் போட்டோம். இந்தப் பக்கத்து அனுப்பும் துளையிலிருந்து இந்தப் பக்கத்து வாங்கும் துளைக்கே ஒரு பட்ச் கோட், நடுவில் 10 டிபி அட்டெனுவேட்டர். அட்டெனுவேட்டரை மறக்கக் கூடாது. நாற்பது கிலோமீற்றர் போக வேண்டிய வெளிச்சத்தை ஒரு முழம் கோட்டில் நேரே திருப்பிவிட்டால் ரிசீவர் கருகலாம். மட்டக்களப்புக் காட் தன்னைத் தானே பார்த்ததும் அலாம் எல்லாம் விழுந்தது, ஒரு பிழையும் இல்லை. கல்முனையிலும் அப்படியே, சுத்தம்.

இங்கேதான் நாங்கள் ஏமாந்தோம். இரண்டு காட்டும் நல்லது, ஃபைபரும் நல்லது, ஆனால் மூன்றையும் சேர்த்தால் வேலை செய்யவில்லை. லூப் சோதனையில் காட் தன் குரலைத்தான் கேட்கிறது. தன் வேகத்தில் தானே பேசினால் யாருக்கும் விளங்கும். மற்றவர் என்ன வேகத்தில் பேசுகிறார் என்பதை லூப் சொல்லவே சொல்லாது. அந்த நேரம் இது என் மண்டையில் ஏறவில்லை.

இரவு பத்தரை மணியளவில் நானா சலித்துப்போய், “ஓவர்கிளொக்க எடுத்துட்டுச் சாதா மோட்ல போட்டுப் பாப்பமா தம்பி?” என்றார். சாதா மோட் என்று அவர் சொன்னது ஓ.ரி.யூ-2, அதாவது ஓ.ரி.என்.னின் வழமையான வேகப் பிரேம். அதற்குள் ஈதர்நெட்டை ஜி.எஃப்.பி. என்ற பொதிகட்டும் முறை மூலம் ஏற்றுவது. இரண்டு பக்கமும் மாற்றினோம். மாற்றிய கையோடு லைன் எழும்பிவிட்டது! ரவுட்டரும் பிங் பண்ணியது. வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு, பிளேன்ரீ ஒன்றைக் குடித்துவிட்டுக் கல்லடிக்கு வந்து படுத்தேன்.

காலை ஏழு மணிக்கு வாடிக்கையாளரின் அழைப்பு. ட்ரஃபிக் போகிறதாம், ஆனால் கல்முனைப் பக்கத்து மொபைல் கோபுரங்கள் குளொக் அலாம் அடிக்கின்றனவாம்.

ஏன் அப்படி ஆனது என்று சொல்ல வேண்டுமானால், எஸ்.டி.எச்., ஈதர்நெட் என்ற இரண்டு உலகமும் ஏன் பொருந்தாமல் போயின என்பதிலிருந்து தொடங்க வேண்டும். எஸ்.டி.எச். காலத்து 10 கிகாபிட் உண்மையில் 9.95328 கிகாபிட். எஸ்.ரி.எம்-64 என்று நானா சொல்வது அதைத்தான். ஓ.ரி.என். முதலில் 2001இல் வந்தபோது அந்த அளவுக்கே சட்டை தைத்தார்கள். அடுத்த வருடம் 10 கிகாபிட் ஈதர்நெட் வந்தது. ஈதர்நெட்காரர்களுக்கு வட்டமான 10 வேண்டியிருந்தது. ஒவ்வொரு 64 பிட்டுக்கும் இரண்டு பிட் சேர்த்து 66 ஆக்கி அனுப்புவதால் வயரில் 10.3125 கிகாபிட். ஓ.ரி.யூ-2 பிரேமுக்குள் சரக்கு வைக்க இருக்கும் இடமோ 9.995 கிகாபிட். மூன்று வீதத்துக்குச் சற்றுக் கூடிய அளவில் சரக்கு வெளியே நிற்கிறது. 9.95328க்கே ஒடுங்குகிற ஈதர்நெட் வகை ஒன்றும் இருந்தது, வான் ஃபை என்பார்கள். அதில் பிரேம்களுக்குக் கிடைப்பது 9.29 கிகாபிட் அளவுதான், முழுப் பத்துக்குக் காசு கொடுத்தவர் அதை ஏற்க மாட்டார்.

ஜி.எஃப்.பி. இதைக் கெட்டித்தனமாகக் கடக்கிறது. ஈதர்நெட்டில் ஒவ்வொரு பிரேமுக்கும் முன்னால் 8 பைட் முன்னுரை, பின்னால் குறைந்தது 12 பைட் இடைவெளி. ஜி.எஃப்.பி. இந்த 20 பைட்டையும் கழற்றி எறிந்துவிட்டுத் தன்னுடைய 8 பைட் தலைப்பை மட்டும் வைக்கும். ஒவ்வொரு பிரேமிலும் 12 பைட் இலாபம். 1518 பைட் பிரேம்களாகவே அடித்துக் கொட்டினாலும் 9.92 கிகாபிட்தான் வரும், 9.995க்குள் அடங்கிவிடும். 9018 பைட் ஜம்போ பிரேம்கூட 9.987இல் நின்றுவிடும். மயிரிழையில் என்றாலும் நுழைந்துவிடும்.

ஆனால் அந்த 12 பைட்டோடு சேர்ந்து குளொக்கும் போய்விடுகிறது. ஜி.எஃப்.பி. கொண்டுபோவது பிரேமை மட்டும். பிட்டுகள் எந்தத் தாளத்தில் வந்தன என்பது அதில் இல்லை. கல்முனையில் காட் அந்தப் பிரேம்களை எடுத்து, தன் சொந்தக் கிறிஸ்டலின் (குளொக்குக்குத் தாளம் தரும் சில்லு) தாளத்தில் புதிதாக ஈதர்நெட் கட்டி ரவுட்டருக்குக் கொடுக்கிறது. சாதாரண ஈதர்நெட்டுக்கு இது பாதகமில்லை. 100 பி.பி.எம். அதாவது பத்து இலட்சத்துக்கு நூறு முன்பின் இருக்கலாம் என்று அதற்கு அனுமதி உண்டு. கூடக் குறைய வரும் பிட்டுகளைப் பிரேம்களின் இடைவெளியில் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டிவிடும். மொபைல் கோபுரத்தின் கதை வேறு. அதன் ரேடியோ அதிர்வெண் 0.05 பி.பி.எம்.முக்குள் நிற்க வேண்டும். அதற்காகத்தான் வாடிக்கையாளர் சிங்க்-ஈ ஓட்டினார். ஈதர்நெட்டின் பிட் தாளத்தையே குளொக்காக எடுத்து ரவுட்டருக்கு ரவுட்டர் கடத்துகிற முறை அது. அந்த வழியில் இருக்கிற குளொக்குகள் 4.6 பி.பி.எம்.முக்கு மேல் விலகிய எதையும் நம்புவதற்குக் கடமைப்படவில்லை.

ரவுட்டரின் திரையைப் பார்த்தபோது இன்னொரு வேடிக்கை. சிங்க்-ஈயில் குளொக்கின் தரத்தைச் சொல்ல ஒரு சின்ன ஈதர்நெட் பிரேம் வரும். அது பிரேம்தானே, ஜி.எஃப்.பி.யும் அதை ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்திருந்தது. அதில் ‘முதல்தரக் குளொக்’ என்று எழுதியிருந்தது. ஆனால் அதே போர்ட்டின் உண்மையான தாளம் எல்லைக்கு வெளியே என்று ரவுட்டர் தள்ளிவைத்திருந்தது. கடிதம் வந்திருக்கு, கடிகாரம் வரல்ல. ரவுட்டர் கடைசியாக ஞாபகத்தில் இருந்த தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அது நாள் முழுக்கத் தாங்காது.

ஆக, சாதா மோட் சரிவராது. பழையபடி ஓவர்கிளொக்குக்குத்தான் போக வேண்டும். ஆனால் ஒன்று பிடிபட்டது. ஓ.ரி.யூ-2வில் இரண்டு காட்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன, ஓவர்கிளொக்கில் மட்டும் பிடிக்கவில்லை. அப்படியென்றால் இரண்டு ஓவர்கிளொக்கும் ஒன்றல்ல.

ஸ்பெயார் காட் வந்த அட்டைப்பெட்டியின் ஒரு மடிப்பை நானா படம் எடுத்து அனுப்பியிருந்தார், சீரியல் நம்பருக்காக. மட்டக்களப்புக் காட்டின் பழைய பெட்டி ராக்கைக்குப் பின்னால் கிடந்தது. அதை எடுத்து அதன் மேலேயே கணக்குப் போட்டேன்.

ஓ.ரி.யூ. பிரேம் நாலு வரிசை. ஒவ்வொரு வரிசையும் 4080 பைட் அகலம். அதில் கடைசி 256 பைட் பிழை திருத்தத்துக்குப் போனால் மிச்சம் 3824. தலைப்புகளுக்கு முன்னால் 16 போனால் சரக்குக்கு 3808. பழைய 9.95328ஐ ஏற்றும்போது அந்த 3808இலும் நடுவில் 16 பைட்டை வெறும் நிரப்பலாக விட்டார்கள், மிச்சம் 3792. இந்த நாலு எண்ணையும் 16ஆல் வகுத்தால் 255, 239, 238, 237. ஓ.ரி.என். கணக்கில் எங்கே பார்த்தாலும் வந்து நிற்கிற எண்கள் இவைதான். வருடக்கணக்காக இவற்றைப் பார்த்தும் எங்கிருந்து வந்தன என்று நான் வகுத்துப் பார்த்ததில்லை. பெட்டி மட்டையில் வகுத்தபோதுதான் விளங்கியது.

இனி ஈதர்நெட்டின் 10.3125ஐ ஒரு பிட் கூட விடாமல் உள்ளே வைக்க வேண்டும். சட்டையைப் பெரிதாக்க முடியாது, அதனால் முழுப் பிரேமையும் வேகமாக ஓட்டுகிறார்கள். அதுதான் ஓவர்கிளொக். அந்த 16 பைட் நிரப்பலை அப்படியே விட்டுவிட்டால், 10.3125ஐ 255ஆல் பெருக்கி 237ஆல் வகுக்க வேண்டும்: 11.0957 கிகாபிட். இது ஓ.ரி.யூ-2இ. நிரப்பலை எடுத்துவிட்டு அந்த இடத்திலும் சரக்கு வைத்தால் 238ஆல் வகுக்க வேண்டும்: 11.0491 கிகாபிட். இது ஓ.ரி.யூ-1இ. பெயரில் ஒன்று, இரண்டு என்று இருந்தாலும் இரண்டும் 10 கிகாபிட் ஈதர்நெட்டுக்கான உடைதான். வித்தியாசம் 0.42 வீதம். காதுக்குச் சின்னதாகத் தெரியும், ஆனால் பி.பி.எம்.மில் சொன்னால் 4,200க்கு மேல். நூறு பி.பி.எம்.முக்குப் பழகிய ரிசீவர் இதை எப்படிப் பிடிக்கும்?

நானாவை அழைத்தேன். “நானா, ஓவர்கிளொக் எண்ட வரிக்குக் கீழ ஏதும் நம்பர் இரிக்கா?”

“பதினொண்டு புள்ளி பூச்சியம் அஞ்சு.”

இங்கே என் திரையில் 11.1. இரண்டுக்கும் பக்கத்தில் ஒரே சரி அடையாளம், ஒரே ‘ஓவர்கிளொக்’ என்ற சொல். ஸ்பெயார் காட் முன்னர் எங்கேயோ அந்தச் செற்றிங்கில் ஓடியிருக்கிறது, அதை அழிக்காமல் பெட்டிக்குள் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பியவர்களைக் கோபிக்கவும் மனம் வரவில்லை. இரண்டு பக்கமும் போனில் “போட்டிரிக்கு, போட்டிரிக்கு” என்று சொல்லிக்கொண்டது நாங்கள்தானே.

அன்று நடுச்சாமம் தாண்டி வாடிக்கையாளர் நேரம் தந்தார். கல்முனைக் காட்டை 11.1க்கு மாற்றினோம். எல்.ஓ.எஃப். விழுந்தது. பிழை திருத்தும் எண்ணி சிறு எண்களில் ஓடியது, திருத்த முடியாதது பூச்சியம். அரை மணித்தியாலத்தில் ரவுட்டர் சிங்க்-ஈயைப் பிடித்துக்கொண்டது. கோபுர அலாம் ஒவ்வொன்றாக விழுந்தது.

ஏன் இந்த மோட்டில் குளொக் போகிறது? ஓ.ரி.யூ-2இயில் காட் தன் கிறிஸ்டலில் லைனை ஓட்டுவதில்லை. ஈதர்நெட் என்ன தாளத்தில் வருகிறதோ அதையே 255/237 மடங்காக்கி லைனின் தாளமாக எடுக்கிறது. ஈதர்நெட் 3 பி.பி.எம். ஓடினால் லைனும் 3 பி.பி.எம். ஓடும். அதனால்தான் ஓ.ரி.யூ-2வுக்கு 20 பி.பி.எம். கட்டுப்பாடு இருக்கும்போது இதற்கு 100 விட்டிருக்கிறார்கள். பழைய ஒத்திசையா முறையில், பிரேமில் ஒரு பைட்டைக் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டுவதில், மொத்தம் 65 பி.பி.எம்.தான் தாங்கும். லைனின் 20 போனால் வாடிக்கையாளருக்கு மிஞ்சுவது 45. ஆகவே இடம் போதுமாக இருந்திருந்தாலும் ஈதர்நெட்டின் நூறு அதில் அடங்கியிருக்காது. இதில் ஓ.ரி.யூ-2இயின் உள்கூடு ஓ.ரி.என்.னின் தர ஆவணமான ஜி.709இன் 2009ஆம் ஆண்டுப் பதிப்பில் முறையாக ஏறியது. 1இ துணை ஆவணத்தோடு நின்றுவிட்டது. ஆனாலும் காட்டுகளின் மெனுவில் இன்னும் குந்திக்கொண்டிருக்கிறது.

கதை இங்கே முடிந்திருக்கும். எங்களுடன் புதிதாகச் சேர்ந்த ஏறாவூர்ப் பையன் ஒரு கேள்வி கேட்டான். “அண்ணே, இவ்வளவு பாடு எதுக்கு? நடுவுல பெரிய பஃபர் ஒண்டு வெச்சா முடிஞ்சுதே?”

வாயால் சொன்னால் நம்ப மாட்டான் என்று தெரியும். வீட்டில் இரண்டு மலிவான எஃப்.பி.ஜி.ஏ. (நமக்கு வேண்டிய சுற்றை எழுதி ஓட்டக்கூடிய சில்லு) போர்ட் கிடந்தன. இரண்டிலும் 50 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்டல். ஒன்றின் ஒரு செக்கனை மற்றதால் எண்ணினேன்: 50,001,150. அதாவது 23 பி.பி.எம். வித்தியாசம். ஒரு போர்ட் தன் தாளத்தில் ஃபைஃபோவுக்குள், அதாவது முதலில் வந்தது முதலில் போகும் பஃபருக்குள் எழுதும், மற்றது தன் தாளத்தில் வாசிக்கும். ஃபைஃபோ நிரம்பி வழிந்தால் சிவப்பு எல்.ஈ.டி. மின்னும்.

முதல் நாள் எல்.ஈ.டி. பைத்தியம் பிடித்ததுபோல் மின்னியது. கணக்குக்கு ஒத்துவரவில்லை. இரண்டு போர்டுக்கும் கிரவுண்ட் ஒழுங்காகப் போயிருக்கிறதா என்று பார்த்தேன், போயிருந்தது. தவறு என்னுடையது. எழுதும் சுட்டியை மற்றக் குளொக்கில் வாசிக்கும்போது கிரே கோட் (அடுத்த எண்ணுக்குப் போக ஒரே ஒரு பிட் மாறும் எண் முறை) ஆக்காமல் நேரே எடுத்துவிட்டேன். 0111இலிருந்து 1000க்கு மாறுகிற அந்தக் கணத்தில் நாலு பிட்டும் ஒன்றாக மாறுவதில்லை, நடுவில் வாசித்தால் ஏதோ ஒரு எண் கிடைக்கும். கிரே கோட் போட்டதும் அமைதியாகிவிட்டது.

1024 ஆழம், பாதியில் தொடங்கினால் இடம் 512. செக்கனுக்கு 1,150 கூட வருகிறது. 0.45 செக்கனுக்கு ஒரு தடவை வழிய வேண்டும். எல்.ஈ.டி. அப்படியே மின்னியது, செக்கனுக்கு இரண்டு தடவைக்குச் சற்று மேல். பையன் ஆழத்தை 8192 ஆக்கச் சொன்னான். ஆக்கினேன். மூன்றரைச் செக்கனுக்கு ஒரு தடவை மின்னியது. அவன் எல்.ஈ.டி.யையே பார்த்துக்கொண்டு இருந்தான், ஒன்றும் பேசவில்லை. தகரக் கூரைக்குக் கீழே மத்தியானச் சூட்டில் 1,150 என்பது 1,210 ஆனது. வெயிலுக்குக்கூடக் கிறிஸ்டல் ஆடும்.

பிறகு நிரப்பலைச் சேர்த்தேன், ஜி.எம்.பி. என்று இப்போதைய ஓ.ரி.என்.னில் இருக்கிற முறை. வாங்கும் போர்டை 1000 இடம் கொண்ட கட்டுகளாகப் பிரித்தேன். அனுப்பும் போர்ட் அதில் பத்துக்கு ஏழு அளவில் சரக்குத் தரும். ஒவ்வொரு கட்டுக்கும் எத்தனை சரக்கு வந்தது என்று எண்ணி, அந்த எண்ணைத் தலைப்பில் முன்னால் அனுப்பிவிட்டு, மிச்ச இடத்தை நிரப்பலால் மூட வேண்டும். எந்த இடம் சரக்கு, எந்த இடம் நிரப்பல் என்பதற்கு ஒரு வரிச் சூத்திரம் போதும். இட எண்ணைச் சரக்கு எண்ணால் பெருக்கி, மொத்த இடத்தால் வகு. மீதி சரக்கு எண்ணைவிடக் குறைந்தால் அது சரக்கு. பத்து இடத்தில் ஏழு என்றால், நிரப்பல் ஒன்று, நாலு, ஏழாம் இடங்களில் விழும். ஒரே மூலையில் குவியாது. கந்தோரில் விளக்கும்போது பையன் கைவிரலில் எண்ணிப் பார்த்துச் சரி என்றான்.

போர்டில் ஓடவிட்டதும் தலைப்பில் 700, 700, 700 என்று போய், அறுபத்திரண்டு கட்டுக்கு ஒரு தடவை 701 வந்தது. எழுநூறில் 23 பி.பி.எம். என்றால் கட்டுக்கு 0.016, அதாவது அறுபத்திரண்டில் ஒன்று. இரண்டு கிறிஸ்டலுக்கும் இடையிலான சண்டை முழுவதும் அந்த ஒற்றை 701க்குள் அடங்கிவிட்டது. எல்.ஈ.டி. அன்றிலிருந்து மின்னவில்லை. 1 கிகாபிட் ஈதர்நெட்டை இன்றைக்கு ஏற்றுவதும் இதே முறையில்தான். அதற்கு முன்னால் 1.25 கிகாபிட்டைப் பதினாறில் பதினைந்தாகச் சுருக்கி 1.171875 ஆக்கிவிடுவார்கள், இல்லாவிட்டால் ஓ.ரி.என்.னின் ஆகச் சிறிய உள்கூடான ஓ.டி.யூ-0வின் 1.24416க்குள் அதுவும் நுழையாது.

தை மாதம் பழுதுபார்த்த காட் திரும்பி வந்தது. ஸ்பெயாரைக் கழற்றிவிட்டு அதை மாட்ட நானா போயிருந்தார். வாசலில் நின்றே அழைத்தார்.

“தம்பி, பெட்டிய இப்பதான் உடைச்ச. காட்ட லப்டொப்புல போட்டுப் பாத்துட்டன். பதினொண்டு புள்ளி பூச்சியம் அஞ்சு எண்டு காட்டுது. மாத்திப் போட்டு மாட்டவா, இல்ல நீங்க அங்க எத்தினயில நிக்கிறீங்க எண்டு முதல்ல சொல்லுவீங்களா?”